உறவில் மணம்: உரிமையும் கடமையும்
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அத்தை மகனுக்கு மாமன் மகளைக் கொடுப்பதும், அக்காள் மகளைத் தம்பியே மணப்பதுமாகிய நம் வழக்கத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். இஃது அவரவர் வீட்டிற்குள் பேச வேண்டிய செய்தியன்றோ, சங்க மேடைக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டிற்குள் இது பேசப்படுவதில்லை. பேசப்படினும், நிச்சய தாம்பூலம் மாற்றிக்கொண்ட பின்னரே பேசப்படுகிறது. ஆகவேதான் இதனை அவைக்குக் கொணர்ந்தோம்.

தொடங்குமுன் ஒரு சொல். உறவில் மணந்து, நல்வாழ்வு வாழ்ந்து, நன்மக்களைப் பெற்ற தம்பதியர் இவ்வவையிலேயே பலர் இருப்பர். அவர்கள் செய்தது சட்டத்திற்கும் மரபுக்கும் உட்பட்ட செயல். அவர்களைக் கூண்டில் நிறுத்துவது எம் கருத்தன்று. இனிமேல் மணம் பேசப்போகும் குடும்பங்கள் எதனை அறிந்திருக்க வேண்டும், யாரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே நம் முன் உள்ள வினா.

வழக்கத்தின் வேர்

உறவு மணம் நேற்றுத் தோன்றியதன்று. பௌதாயனர் தம் தரும சூத்திரத்தில் தென்னாட்டார்க்கே உரிய வழக்கங்களை எண்ணுமிடத்து, மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பதைக் குறிப்பிடுகிறார். வடநாட்டார் இதனைக் கண்டு வியப்பதும், அவர் வியப்பதைக் கண்டு நாம் வியப்பதும் இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக நடந்துவருகின்றன.

நம் மொழியே இம்முறைக்குச் சான்று. தாயுடன் பிறந்தவன் மாமன். மனைவியின் தந்தையும் மாமனார். தந்தையுடன் பிறந்தவள் அத்தை. கணவனின் தாயையும் பல வீடுகளில் அத்தை என்றே அழைக்கிறோம். பெரியப்பா, சிற்றப்பா மக்களோ அண்ணன் தங்கையர். அவர்களை மணக்க எண்ணுவதையே நாம் பெருங்குற்றமாகக் கருதுகிறோம். யாரை மணக்கலாம், யாரை மணத்தலாகாது என்னும் விதியை இவ்வாறு அழைக்கும் சொல்லிலேயே வைத்த அமைப்பு இது. அமெரிக்க அறிஞர் தாமஸ் டிரவுட்மன் 1981-இல் திராவிட உறவுமுறையைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

இவ்வழக்கத்தில் அறிவு இல்லாமலும் இல்லை. நன்செய் துண்டுபடாமல் குடும்பத்திலேயே நின்றது. பெண் முன்பின் அறியாத வீட்டில் போய்த் தனித்து நிற்காமல், தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அத்தையிடமே சென்றாள். சீர்வரிசை பற்றிய பேரம் குறைந்தது. மனவேற்றுமை நேர்ந்தால் பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தந்தையும் உடன்பிறந்தவர்களாதலின் பேசித் தீர்த்துக்கொண்டனர். இவற்றையெல்லாம் எள்ளி நகைப்பது நன்றன்று.

இன்றும் இவ்வழக்கம் நிலைபெற்றே உள்ளது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 விழுக்காட்டுப் பெண்கள் உறவில் மணந்தவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 11 விழுக்காடு. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

குடியிருப்பில் நேர்ந்த மாற்றம்

பிழைப்பை நாடி வடக்கே வந்த நமக்கு அப்பழைய காரணங்களுள் எவை எஞ்சியுள்ளன? இங்கே பிரியாமல் காக்க நிலம் இல்லை. மாதச் சம்பளமே சொத்து. மணமான பெண் அத்தை வீட்டில் இருப்பதில்லை; கணவன் வேலை பார்க்கும் ஊரில், ஆயிரம் கல் தொலைவில், இரண்டறை வீட்டில் தனிக்குடித்தனம் நடத்துகிறாள். மணப்பெண்ணும் மணமகனும் ஒருவரையொருவர் அறிந்தவர் என்பதும் பெயரளவே. ஈராண்டிற்கு ஒரு முறை கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று பத்து நாள் தங்கும்பொழுது கண்ட பழக்கம் எத்தனை?

மேலும், நம் பிள்ளைகள் வளரும் சூழல் வேறு. மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் ராக்கி கட்டும் தோழியரிடையே நம் பெண் வளர்கிறாள். அவளிடம் ஒரு நாள் திடீரென்று, உனக்கு முறை மாப்பிள்ளை காத்திருக்கிறான் என்றால் அவள் திகைப்பதில் வியப்பென்ன? அத்திகைப்பைத் திமிர் என்று கொள்ளுதல் கூடாது.

இவை எல்லாவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. ஊரில் இருந்த நாளில், எந்தக் கிளையில் பேசாத பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்தன, யாருக்கு மாலைக்கண் வந்து பின் பார்வையே மங்கிற்று என்பதைக் கிழவிகள் விரல்விட்டு எண்ணுவர். பெண் கொடுப்பதற்கு முன் அவர்களைக் கேட்பதும் உண்டு. ஊரைவிட்டு வந்த நாம் உறவின் உரிமையைக் கொண்டுவந்தோம். உறவின் நினைவை அங்கேயே விட்டுவிட்டோம். வழக்கம் நம்முடன் பயணம் செய்தது. அதற்குக் காவலாக இருந்த செய்தி பயணம் செய்யவில்லை.

இரண்டு படிகள்

இனி உடலியலைக் காண்போம். நம் உடலின் ஒவ்வொரு கூற்றிற்கும் உரிய குறிப்பு மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலானவற்றிற்குத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகள் உள. ஒன்றில் பிழை இருப்பினும் மற்றொன்று பணியை நிறைவேற்றிவிடும். இத்தகைய மறைந்த பிழைகள் சில நம் ஒவ்வொருவரிடமும் உண்டு. இதில் உயர்குடி, தாழ்குடி என்ற வேறுபாடில்லை. ஒரே பிழை இரண்டு படியிலும் வந்து சேர்ந்தாலன்றிச் சில நோய்கள் வெளிப்படா. பீட்டா தலசீமியா என்னும் குருதி நோய், பிறவிச் செவித்திறன் இன்மையின் பல வகைகள், விழித்திரை நலிவு, உடலின் வேதி மாற்றக் கோளாறுகள், முதுகுத்தண்டுத் தசைநலிவு ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பாட்டனாரிடம் இத்தகைய பிழை ஒன்று மறைந்திருப்பதாகக் கொள்வோம். அஃது அவர் மகனுக்குச் செல்லும் வாய்ப்பு 2-இல் 1; மகளுக்கும் அவ்வாறே. மகன் வயிற்றுப் பேத்திக்கு 4-இல் 1. மகள் வயிற்றுப் பேரனுக்கும் 4-இல் 1. இருவரிடமும் அது சேர்ந்திருக்கும் வாய்ப்பு 16-இல் 1. அவ்விருவரும் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வெளிப்படும் வாய்ப்பு 64-இல் 1. அதே பேத்தி, உறவல்லாத ஒருவனை மணப்பதாகக் கொள்வோம். அப்பிழை பொதுமக்களுள் நூற்றில் ஒருவரிடம் இருப்பதாயின், அவள் குழந்தைக்கு அந்த வாய்ப்பு 1,600-இல் 1 ஆகக் குறைகிறது. பாட்டனாரோடு பாட்டியாரையும், ஒரு பிழையோடு வேறு பிழைகளையும் சேர்த்து எண்ணினால் முழு அளவு விளங்கும். அக்காள் மகளை மணப்பதில் நெருக்கம் இதனினும் இரு மடங்கு. முன் தலைமுறைகளிலும் உறவு மணமே நடந்திருப்பின், ஒவ்வொரு முடிச்சும் நெருக்கத்தை மேலும் கூட்டுகிறது.

மேலைநாட்டாரும் இதனை அறிந்தது மெல்ல மெல்லவே. சார்லஸ் டார்வின் 1839-இல் தம் மாமன் மகள் எம்மாவையே மணந்தார். பத்துக் குழந்தைகளுள் மூவர் இளமையிலேயே மறைந்தனர். அக்கவலை அவரை விடவில்லை. 1871-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவு மணம் பற்றிய வினா ஒன்றைச் சேர்க்க அவர் முயன்றார். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதனை ஏற்கவில்லை. 1902-இல் ஆர்ச்சிபால்டு கேரட் என்னும் ஆங்கில மருத்துவர், சிறுநீர் கருநிறமாகும் ஓர் அரிய நோயை ஆராய்ந்தபொழுது, அந்நோயுற்றோரின் பெற்றோருள் பலர் உறவினராய் இருத்தலைக் கண்டு எழுதினார். மறைந்த பிழையின் இயல்பு மருத்துவத்தில் தெளிவுபெற்றது அதன் பின்னரே. நம் நாட்டில், 1957-இல் கல்கத்தாவிற்கு வந்து குடியேறிய ஜே.பி.எஸ். ஹால்டேனின் ஊக்கத்தால் ஆந்திரத்து உறவு மணங்கள் ஆராயப்பட்டன.

நூற்றில் மூன்று, நூற்றில் ஆறு

எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக இப்படித்தான் மணம் நடக்கிறது, ஒரு குறையும் இல்லையே என்று கேட்போர் உளர். நியாயமான வினாவே. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரில் பல்லாயிரம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறவிக் குறையுடன் பிறக்கும் வாய்ப்பு, உறவில் மணவாத பெற்றோரின் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. நேர் அத்தை, மாமன், பெரியப்பன், சிற்றப்பன் மக்களை மணந்தோரின் குழந்தைகளுக்கு 6 விழுக்காடு. அதாவது, இரு மடங்கு.

இவ்வெண்களை இரு பக்கமும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். உறவில் மணந்தோரின் நூறு குழந்தைகளுள் 94 குழந்தைகள் பிறவிக் குறையின்றிப் பிறக்கின்றன. ஆதலால்தான் பெரும்பாலான வீடுகளில் ஒரு குறையும் காணப்படுவதில்லை. உறவில் மணந்தாலே ஊனம் என்று அச்சுறுத்துவோர் கூற்றும் பொய்யாகிறது. ஆயின், நூற்றுக்கு மூன்று என்னும் கூடுதல் சிறிதன்று. கால் பங்கிற்கும் மேற்பட்ட மணங்கள் உறவில் நிகழும் சமுதாயத்தில் அம்மூன்று பெருந்தொகையாகிறது. அத்துயர் எல்லா வீடுகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுவதும் இல்லை. சில வீடுகளில் முழுமையாக வந்து இறங்குகிறது. ஒரு வீட்டில் இரு பெற்றோரிடமும் ஒரே பிழை இருப்பின், அங்கே ஒவ்வொரு கருவிற்கும் வாய்ப்பு 4-இல் 1 ஆகும்.

மற்றொரு செய்தியையும் மறைத்தலாகாது. 1970-களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, கருச்சிதைவிலும் குழந்தை இறப்பிலும் எதிர்பார்த்த அளவிற்குப் பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. நெடுங்காலமாக உறவிலேயே மணந்து வந்ததனால் மிகக் கொடிய பிழைகள் சில படிப்படியாக நீங்கியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அக்காலத்தில் பேதியும் காய்ச்சலும் அம்மையும் எண்ணற்ற குழந்தைகளைக் கொண்டு சென்றன என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பலர் மடியும் இடத்தில் சிலரின் பரம்பரை நோய் கண்ணிற்குப் படாது. 1971-இல் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகட்கு நூற்றுக்கு மேல் முதலாண்டிலேயே மடிந்தன. 2020-இல் அந்த எண் 13. தொற்று நோய்களை நாம் வென்றுவருங்கால், பிறவி நோய்களின் பங்கு வெளிப்படையாகிறது. மடியாமல், வாழ்நாள் முழுதும் செவியும் விழியும் குன்றி வாழும் குழந்தைகளை இறப்புக் கணக்கு காட்டவும் மாட்டாது.

மூன்று தவறான எண்ணங்கள்

முறையுள்ள உறவில் தீங்கில்லை என்பது ஒன்று. மாமன் மகளும் சிற்றப்பன் மகளும் நமக்கு வேறு வேறு முறை. மரபணுவிற்கோ இருவரும் ஒரே நெருக்கம். முறை என்பது மனிதர் வகுத்த ஒழுங்கு. குருதி அதனைப் படித்தறியாது.

இரத்த வகை வேறாயிருந்தால் போதும் என்பது மற்றொன்று. மணப்பேச்சின்போது ஏ, பி, ஓ வகைகளைப் பார்த்து மனநிறைவு கொள்வோர் பலர். இரத்த வகை வேறாயிருத்தல் மறைந்த பிழைகளைப் பற்றி ஒன்றுமே தெரிவிப்பதில்லை. பத்துப் பொருத்தமும் அவ்வாறே.

உறவைவிட்டு, அதே சிறு வட்டத்திற்குள் மணந்தால் முற்றும் பாதுகாப்பு என்பது மூன்றாவது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூற்று உயிரியல் மையத்தின் அறிஞரும் பிற நாட்டு அறிஞரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தென்னாசியாவின் 263 சமுதாயப் பிரிவுகளை நோக்கிற்று. அவற்றுள் 81 பிரிவுகள் மிகச் சிலரான முன்னோரிடமிருந்து பெருகி, நெடுங்காலம் தமக்குள்ளேயே மணந்து வந்தவை என்று கண்டது. ஆந்திரத்து வைசியரிடையே சிலருக்கு அறுவை மயக்க மருந்தொன்று ஒவ்வாமற்போவது இத்தகைய பரம்பரைக் காரணத்தால் என்பது மருத்துவர் அறிந்தது. ஆகவே, சாதி என்னும் சிறு வேலிக்குள் நடக்கும் மணத்தில், உறவறியாத இருவரும் தொலைவுறவினராய் இருத்தல் கூடும். அத்தை மகனை விலக்கி, வேலியை மட்டும் காப்பவர் பாதி வழியே சென்றவராவர்.

அறம் எங்கே உள்ளது?

உறவு மணம் பாவமன்று என்றோம். அவ்வாறாயின் அறத்தின் வினா எங்கே எழுகிறது? மூன்று இடங்களில் எழுகிறது.

முதலாவது, உரிமை. முறைமாமன் என்பதற்காகப் பெண்ணின்மேல் உரிமை கொண்டாடுதல் இக்காலத்திற்கு ஏற்றதன்று. பிறந்தபொழுதே இவள் இவனுக்கு என்று பேசிவைத்த வாக்கு, பேசிய பெரியோரைக் கட்டுப்படுத்தலாம். பேச்சறியாக் குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அயல் வீட்டு வரன் பிடிக்கவில்லை என்று பெண் சொல்லிவிடலாம். அத்தையின் மகனைப் பிடிக்கவில்லை என்று எவ்வாறு சொல்வாள்? அச்சொல்லால் தன் தந்தையும் அத்தையும் பகைப்பரே என்று அஞ்சுகிறாள். உறவின் அன்பே அவள் வாயை அடைக்கிறது. அக்காள் மகளை மணப்பதில் வயது வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. ஆதலின், மறுப்பதற்கு அஞ்ச வேண்டாத நிலையில் பெறப்பட்ட இசைவே இசைவு.

இரண்டாவது, மறைப்பு. குடும்பத்தில் உள்ள நோயைச் சொன்னால் மற்றப் பெண்களுக்கு வரன் அமையாது என்று அஞ்சி மறைக்கின்றனர். அவ்வச்சம் நமக்குப் புரிகிறது. எனினும், அறிந்தும் சொல்லாமல் செய்த மணத்தின் விலையைக் கொடுப்பது, நம் பேச்சில் கலந்துகொள்ள இயலாத, இன்னும் பிறவாத குழந்தை. மருத்துவமனையிலும் இதே மறைப்பு நேர்கிறது. நீங்கள் இருவரும் உறவினரா என்று மருத்துவர் கேட்கிறார். இவ்வழக்கத்தை அருவருப்பவர் நடுவில் வாழும் தாய் நாணி, இல்லை என்கிறாள். நோயைக் கண்டறிய உதவும் திறவுகோல் அங்கேயே தொலைந்துபோகிறது. தாய்மார்களே, அங்கே நாணுதல் வேண்டா. உள்ளதை உள்ளவாறே கூறுங்கள்.

மூன்றாவது, பழி. குறையுடன் குழந்தை பிறந்தால் மருமகளைப் பழிப்பது நம் வீடுகளில் இன்றும் நிற்கவில்லை. இவ்வகை நோய்க்குத் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியும் வந்தாக வேண்டும். இருவருக்கும் பங்கு சமம். இருவருக்கும் குற்றம் இல்லை. அதிலும், மாமியார் தன் அண்ணன் மகளைப் பழிக்கும்பொழுது, அப்பிழை தன் பெற்றோர் வழியாகத் தன்னிடமும் வந்திருக்கக்கூடும் என்பதை மறக்கிறார்.

சட்டத்தையும் சிறிது அறிந்துகொள்வோம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மாமன் மருமகள் மணத்தையும், உடன்பிறந்தார் மக்களிடையே மணத்தையும் விலக்கிய உறவுகளில் வைத்துள்ளது. வழக்கம் அனுமதிக்குமாயின் செல்லும் என்று விதிவிலக்கும் அளித்துள்ளது. அவ்விலக்கே நம்மவர் மணங்களைக் காக்கிறது. வழக்கம் இல்லாதவிடத்து அம்மணம் செல்லாது, தண்டனைக்கும் இடமுண்டு. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் 1963-இல் இத்தகைய விலக்குச் சேர்க்கப்பட்டது. இசுலாமியர்க்கு அவர்தம் சமயச் சட்டம் உடன்பிறந்தார் மக்களிடையே மணத்தை மட்டும் அனுமதிக்கிறது; மாமன் மருமகள் மணத்தை அனுமதிப்பதில்லை. கத்தோலிக்கர் திருச்சபையின் தனி இசைவைப் பெறல் வேண்டும். சட்டம் அனுமதிப்பது, செய்தே தீர வேண்டும் என்னும் கட்டளையன்று.

செய்யத் தக்கவை

மணம் பேசுமுன், இரு வீட்டாரும் மூன்று தலைமுறைக் கொடிவழியை ஒரு தாளில் எழுதுக. இளமையில் இறந்தோர், செவி அல்லது பார்வை குன்றியோர், அறிவு வளர்ச்சி குன்றியோர், அடிக்கடி குருதி ஏற்றிக்கொண்டோர் ஆகியோரைக் குறித்திடுக. அத்தாளுடன் மரபியல் மருத்துவரைக் காண்க. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, டெல்லி அகில இந்திய மருத்துவக் கழகம், இலக்னோ சஞ்சய் காந்தி நிறுவனம், ஐதராபாத் நிசாம் நிறுவனம் ஆகியவற்றில் அத்துறை உண்டு. தலசீமியாவின் மறைந்த படியை எளிய குருதிச் சோதனையாலேயே அறியலாம். வேறு பல பிழைகளை அறியவும் இன்று சோதனைகள் உள. எந்தச் சோதனையும் எல்லாவற்றையும் காட்டாது என்பதையும் மருத்துவர் வாயிலாகக் கேட்டறிக. நோய் ஏற்கெனவே வெளிப்பட்ட குடும்பத்தில், மீண்டும் அதே உறவிற்குள் மணம் பேசாதிருத்தலே நன்று.

முன்னரே மணந்தவர்கள் கலங்க வேண்டா. கருவுற்றவுடனேயே மருத்துவரிடம் உறவைச் சொல்லுக. உரிய வாரங்களில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுக. செவிக்குறையையும் வேதி மாற்றக் கோளாறுகளையும் ஸ்கேன் காட்டாது. ஆதலின், குழந்தை பிறந்த முதல் மாதத்திற்குள் செவிச் சோதனை செய்க. குறை இருப்பின் மூன்று மாதத்திற்குள் உறுதி செய்து, ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்கினால், அக்குழந்தை பேச்சைக் கற்கும் வாய்ப்பு மிகுகிறது. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைச் சோதித்து உதவ 2013-இல் தொடங்கிய அரசுத் திட்டம் நாம் வாழும் மாநிலங்களிலும் உண்டு. அதனைப் பயன்படுத்திக்கொள்ளுதல் இழிவன்று.

அன்பர்களே, முறைப்பெண்ணை விட்டால் உறவு அறுந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு இறுதியாக ஒரு சொல். தாய்மாமன் சீர் கொண்டுவருவதற்கு அவன் மகனுக்கே பெண்ணைக் கொடுத்திருக்க வேண்டுமென்பதில்லை. காதணி விழாவில் அவன் மடி உண்டு. மணப்பந்தலில் அவன் மாலை உண்டு. அத்தை வீட்டிற்கு விடுமுறைக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே உடன்பிறந்தாரைப் போல் பழகித் திரும்பட்டும். பெண்ணைக் கொடுத்துக் காத்த உறவை, இனி நலம் விசாரித்தும், நோயை மறையாது சொல்லியும், துயரில் துணை நின்றும் காப்போம். இன்று வீடு திரும்பியவுடன், ஊரில் உள்ள மூத்தோரைத் தொலைபேசியில் அழைத்துக் கொடிவழியைக் கேட்டெழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதினால்தான் உண்டு.